உறங்கிய எந்திரத்தை எழுப்புதல்

யாழ்ப்பாணத்துக் கொட்டில்கள் சிலவற்றிற் சாக்குப் போர்த்த பழைய மோட்டார்ச் சைக்கிள்கள் இன்றும் உறங்குகின்றன. எமது தந்தையாரின் பி. எஸ். ஏ. பன்ரம் வண்டியும் அவ்வாறே கிடந்தது. ஜெர்மானிய டி. கே. டபிள்யூ. வண்டியின் அமைப்பைத் தழுவி, 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான 123 கன சென்ரிமீற்றர்ச் சிறு வண்டி அது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி, 1995 இடப்பெயர்வோடு ஓய்ந்தது.

இத்தகைய வண்டியைக் கண்டதும் உதைக்க எழும் காலை அடக்குதலே முதற்பணி. நெடுநாள் அசையாத பிஸ்ரன் வளையங்கள் துருவினால் உருளையோடு ஒட்டியிருக்கும். பலவந்தம் செய்யின் வளையம் முறிந்து உருளையைக் கீறிவிடும். ஆதலின் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் எண்ணெய் வார்த்து ஊறவிட்டோம். பின்னர்க் கியரிலிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல அசைத்தோம். மூன்றாம் நாள் மாலை இளகியது. அன்றிரவு நாம் உறங்கவில்லை!

பழைய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்டுளையை அடைத்திருந்தது. (கம்பியாற் குத்துதல் தகாது, துளை பெருத்துவிடும்.) மண்ணெண்ணெய்க் கரி புகை வெளியேறும் வாயிலைக் குறுக்கியிருந்தது. இவ்வகை எந்திரத்திற் பிஸ்ரனுக்கு உயவு தருவது பெற்றோலோடு கலக்கும் எண்ணெயே. வெறும் பெற்றோல் இட்டால் பிஸ்ரன் இறுகிவிடும்.

முதன்முறை இயங்கியபோது வண்டி அடங்காது இரைந்தது. சுழலச்சின் தடுப்பு வளையங்கள் முதுமையால் இறுக, அவ்வழியே காற்றுப் புகுந்தமையே காரணம். இதனை முன்னரே ஆராயாதது எமது தவறு. மீண்டும் பிரித்தோம். வெடித்த ரயர்களை மாற்றி, பிரேக்கைச் செப்பஞ்செய்த பின்னரே வீதிக்கு இறங்கினோம்.

கல்லூரி வாயிலில் மாணவர் சூழ்ந்து, “பற்றரி எங்கே, ஐயா?” என்றனர். பற்றரி இல்லை, எந்திரத்தோடு சுழலும் காந்தமே தீப்பொறி தருகிறது என்றோம். ஒருவரும் நம்பவில்லை.