சிக்கல் யார் தலையில்?

சென்னை மந்தைவெளிவாசிகளுக்குப் பேருந்து நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பறக்கும் ரயில் 2004-இல் வந்தது. தரைக்கடியில் மாதவரம் - சிப்காட் மெட்ரோ பாதைக்கான நிலையம் தயாராகிறது. பேருந்துக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம், பறக்கும் ரயிலுக்குத் தெற்கு ரயில்வே, மெட்ரோவுக்குத் தனி நிறுவனம். ஆளுக்கொரு செயலியும் உண்டு. இவற்றோடு கேஸ், கரண்ட் பில், வங்கி, மளிகை என்று சேர்த்தால் ஃபோன் நிரம்பிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு, ஓடிபி, போதாததற்கு மாதம் தவறாமல் அப்டேட். இதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால், பட்டன் ஃபோனுக்குத் திரும்பச் சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் துறவறம் தேவையில்லை. ஒரு சேவையின் சிக்கலை யார் சுமக்கிறார்கள், கொடுப்பவரா வாங்குபவரா என்று பார்த்தால் போதும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது தெளிந்துவிடும்.

சிங்காரச் சென்னை அட்டையை எடுத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலில் மெட்ரோவுக்கு வந்தது. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளுக்கும் நீண்டது. பயணத்துக்கான பணம் அட்டையின் சில்லிலேயே பதிவாகியிருக்கிறது. கண்டக்டரின் கருவியில் காட்டினால் தொகை கழிந்து சீட்டு வருகிறது. பயணியிடம் சார்ஜ், சிக்னல், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். கணக்குப் பார்ப்பது, வங்கியோடு பேசுவது எல்லாம் எதிர்ப்பக்க இயந்திரத்தின் வேலை. கேஸ் சிலிண்டருக்கு 2021 தொடக்கத்தில் இண்டேன் கொண்டுவந்த மிஸ்டு கால் பதிவும் இதே ரகம். அழைப்பு வந்த எண்ணை வைத்து வாடிக்கையாளரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நிறுவனத்தின் கணினிக்கு. நமக்கு ஒரு பைசா செலவில்லை. இரண்டிலும் தொழில்நுட்பம் குறைந்துவிடவில்லை, நம் கண்ணில் படாத இடத்துக்குப் போயிருக்கிறது. செயலியோ அந்த வேலையில் பாதியை நம் தலையில் கட்டுகிறது, அதுவும் நாம் காசு கொடுத்து வாங்கிய கருவியில்.

அட்டை தொலைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. பயணத்துக்கான இருப்பைச் செலவழிக்கப் பின் எண் கேட்பதில்லை. தொலைந்தால் அந்தப் பணம் போனதுதான். ஆனால் அந்த இருப்புக்கு 2,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதிலும் இருநூறு, முந்நூறு மட்டும் போட்டுவைத்தால் இழப்பு அதோடு நிற்கும். செயலியிலோ, ஏமாந்து ஓடிபியைச் சொல்லிவிட்டால் வங்கிக் கணக்கே காலியாகலாம்.

இன்னொரு வாதம் வலுவானது: செயலிகள் பலவாக இருப்பதுதானே தொல்லை, ஒன்றாக்கிவிட்டால்? 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்று' செயலி அதைத்தான் செய்கிறது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு. நல்ல முயற்சிதான். பேருந்து எங்கே வருகிறது என்று அட்டையால் சொல்ல முடியாது, இது சொல்லும். அட்டை இன்னும் எட்டாத பறக்கும் ரயிலுக்கும் இது உதவும். தினம் மூன்று வண்டி மாறுபவர் இதை வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை கபாலி கோயிலுக்கோ லஸ் கார்னருக்கோ போய்வரும் பெரியவருக்கு இதனால் என்ன லாபம்? ஒன்றாக்கினாலும் ஸ்மார்ட்ஃபோனும் டேட்டாவும் யுபிஐயும் அவர்தான் வைத்திருக்க வேண்டும்.

தனிமனிதர் குறைத்துக்கொள்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறுக்க முடியாது. சாதாரண ஃபோனிலிருந்தே பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் 'யுபிஐ 123பே' கொண்டுவந்தது. அழைத்துப் பேசியோ மிஸ்டு கால் கொடுத்தோ அனுப்பலாம். வரம்பையும் பிறகு 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்த்தினார்கள். ஆனால் காய்கறிக் கடையில் தொங்குவது க்யூஆர் அட்டை. கேமரா இல்லாத ஃபோன் அதன் முன் என்ன செய்யும்? வசதியைச் செய்துவைத்துவிட்டு, அதற்கான வாசலைக் கடையில் திறக்காமல் விட்டுவிட்டார்கள். அதே கதை இங்கும் நடக்காமலிருக்க, மந்தைவெளியில் மெட்ரோ நிலையம் திறக்கும்போது கவுன்ட்டரில் ஓர் ஆளும், ரொக்கம் வாங்கும் ஓர் இயந்திரமும் இருக்குமா என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.