பாதை சமமா இருந்தா போதுமா?

பனியில நடக்கணும்னு ஆசையா? சியாட்டிலுக்குக் கிழக்கே, சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஸ்னோக்வால்மி கணவாயில் நான் ரெண்டு இடம் சொல்வேன்.

முதல்ல ஹையாக். பழைய ரயில் பாதை, ஏற்றமே கிடையாது. கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் பழக ஏத்த இடம். மெஷின் போட்டு வச்ச ஸ்கீ தடத்தை மட்டும் மிதிச்சுடாதீங்க.

ஸ்னோஷூ போட்டு நடக்க கோல்டு கிரீக் குளம். குளம் வரைக்கும் சமதளம். அதுக்கு அப்புறமும் பாதை சமமாத்தான் தெரியும். ஒரு தடவை நானும் ஏமாந்து போயிட்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தா ரெண்டு பக்கமும் செங்குத்தான மலை! பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுலதான் கிளம்பும். கீழே நிக்கிறவங்களையும் அது விடாது. அப்படியே திரும்பிட்டேன்.

அதனால, கிளம்புறதுக்கு முன்னாடி வடமேற்குப் பனிச்சரிவு மையத்தோட அன்றைய முன்னறிவிப்பைப் பாருங்க. அங்கே போனதும், காலடியை மட்டும் இல்ல, தலைக்கு மேலயும் பாருங்க.