மாமல்லபுரம் கூட்டம் வேண்டாமா? குடும்பத்தோடு ஒரு நாள் போக உத்திரமேரூர் எப்படி?

வார விடுமுறை என்றாலே மாமல்லபுரம், ஈசிஆர் பக்கம் கூட்டம் அலைமோதும். வயதான பெற்றோர், குழந்தைகளோடு அமைதியா ஒரு நாளைக் கழிக்கணுமா? சென்னையிலிருந்து சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள உத்திரமேரூர் நல்ல சாய்ஸ்.

என்ன பார்க்கலாம்?

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. குடத்தில் பெயர் போட வயது 35-லிருந்து 70-க்குள் இருக்கணும். சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் வேணும். பதவியில் இருந்து கணக்கு காட்டாதவருக்கும் அவரது உறவினருக்கும் இடமே இல்லை! பாடப்புத்தகத்தில் படித்ததைப் பிள்ளைகள் நேரில் பார்க்கலாம்.

சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலில், மூன்று தளங்களில் நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களில் பெருமாளைத் தரிசிக்கலாம். மேலே போகப் படி ஏறணும்; மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளமே போதும்.

எப்போது போகலாம்?

நவம்பர் முதல் மார்ச் வரை போனால் வேடந்தாங்கல் பறவைகளையும் பார்த்துட்டு வரலாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே கிளம்பிடுங்க.

இதை மறக்காதீங்க!

சுற்றியுள்ள காவாந்தண்டலம் போன்ற கிராமங்கள் சுற்றுலாத் தலங்கள் அல்ல, மக்கள் வாழும் ஊர்கள். ஹாரன், ஸ்பீக்கர் சத்தம், பிளாஸ்டிக் குப்பை இல்லாமல் வந்து போனால்தான், நீங்கள் தேடி வந்த அமைதி அந்த ஊர்க்காரர்களுக்கும் மிஞ்சும்.