கேஸ் தீர்ந்துடுச்சு சார்!

அந்த மெக்கானிக்குக்கு ஒரே ஒரு மந்திரம்தான் தெரியும். கார் ஏ.ஸி. சரியாகக் குளிரவில்லை என்று நாம் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார்: ''கேஸ் தீர்ந்துடுச்சு சார்!'' பானெட்டைக்கூடத் திறந்திருக்க மாட்டார்.

நானும் நல்ல பிள்ளையாக ஒரே வருடத்தில் இரண்டு தடவை 1,800 ரூபாய் எண்ணி வைத்தேன். கேஸை நிரப்பிய கையோடு காலி ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுவார். ஜிலுஜிலுவென்று வரும். அடுத்த டிராஃபிக் ஜாமில் மறுபடி புழுக்கம். 'மெட்ராஸ் வெயில் அப்படி' என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன்.

போன மே மாதம் வந்தது வினை. பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆன அப்பாவை, செக்கப்புக்காகத் திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தேன். செங்கல்பட்டு வரை அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். அத்தனை குளிர்! கூடுவாஞ்சேரியில் வண்டிகள் ஊர ஆரம்பித்தன. ஜில் போய் வெதுவெதுப்பு. அப்புறம் அனல்! கண்ணாடியை இறக்கினால் பக்கத்து லாரியின் புகை.

''ஒண்ணுமில்லப்பா... கொஞ்சம் படபடன்னு வருது'' என்றார் அப்பா. சட்டை தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒரு மரத்தடியில் நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பேப்பரால் விசிறினேன். கால் மணி நேரத்தில் அவர் தேறிவிட்டார். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் டாக்டரைப் பார்த்துவிட்டு வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: ''வண்டி ஓடும்போது ஜில்லுனு வருதா? நின்னா போயிடுதா?''

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை!

''ஆமாண்ணே!''

இன்ஜினை ஓடவிட்டு, ஏ.ஸி.யைப் போட்டு, பானெட்டைத் திறந்தார். ''அந்த ஃபேன் சுத்துதா பாருங்க தம்பி.''

சுற்றவில்லை. மோட்டார் அவுட்!

விஷயம் இதுதான். காருக்குள் இருக்கிற சூட்டை வாரிக்கொண்டு போகும் கேஸ், முன்பக்கம் கண்டென்ஸரில் அதை வெளியே தள்ளுகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் ஃபேன்தான் கதி. காலி ரோட்டில் ஓட்டிக் காட்டினால் குளிராமல் என்ன செய்யும்?

பெரியவர் மெஷின் வைத்து கேஸை எடுத்து எடை போட்டார். அளவைவிடக் கூடுதல்! அதிகமானாலும் குளிர்ச்சி குறையும், கம்ப்ரஸருக்கும் கேடாம்.

பி.காம். படித்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி செலவுக் கணக்கு அல்ல, மூலதனம். மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. பல வருடங்களில் சீல், ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கசியலாம். ஆறே மாதத்தில் காலி என்றால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். கணக்கு உதைத்தால் தப்பைத் தேடுவோமா, பையிலிருந்து பணத்தைப் போட்டு நேர் செய்வோமா?

நண்பர்களே, பட்டறைக்குப் போகுமுன் நீங்களே பார்க்கக்கூடியவை:

* குளிர் உண்டு, காற்று குறைவு: கேபின் ஃபில்டரில் தூசி. பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும்.

* ஓடினால் ஜில், நின்றால் சூடு: ஃபேன், அதன் ஃப்யூஸ், ரிலே அல்லது அழுக்கடைத்த கண்டென்ஸர். ஃபேன் திடீரென்று சுற்றும், விரல் பத்திரம்!

* காற்று பலம், எப்போதும் சூடு: ஏ.ஸி. போட்டதும் பல கார்களில் கம்ப்ரஸர் 'டக்' என்று சேரும். சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே கோளாறாகவோ கேஸ் குறைவாகவோ இருக்கலாம். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு.

கசிவு இருந்தால் முதலில் அதை அடைக்கச் சொல்லுங்கள். பிறகு வேக்குவம் போட்டு, பானெட் ஸ்டிக்கரில் உள்ள ரக கேஸை, அதில் உள்ள எடைக்கு நிரப்ப வேண்டும். குழாயை நீங்களாகக் கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தம் அதிகம். பல கார்களில் இருக்கும் ஆர்134ஏ கேஸ், கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது, காசு கொடுத்து வெயிலை வாங்குகிற கதை!

ஊர் திரும்பும்போது அதே கூடுவாஞ்சேரியில் அதே நெரிசல். வண்டி நகரவே இல்லை. நான் ஓரக்கண்ணால் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

''டேய்... அந்தத் துண்டை எடு. குளுருதுடா!''

அதைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள்ளும் ஜில்லென்று இருந்தது.