‘ஐ டிட் ஹீரோயின், ஸார்!’

1993. மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனி. (பெயர் வேண்டாமே!) இன்டர்வியூ. நண்பனிடம் கடன் வாங்கிய டை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த வழுக்கைத்தலை ஸார் என் பயோடேட்டாவைப் புரட்டிவிட்டு, ‘‘ஹாபி, டிராமான்னு போட்டிருக்கே... அதைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லு’’ என்றார்.

லட்டு மாதிரி கேள்வி! காலேஜில் வருஷா வருஷம் நாடகம் போட்டவனாயிற்றே நான்!

‘‘வீ புட் டிராமா எவ்ரி இயர், ஸார். ஐ டிட் ஹீரோயின். ஐ பைஹார்ட்டட் ஆல் டயலாக்ஸ்!’’

மூன்று பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு கேட்டதற்கெல்லாம் ‘எஸ் ஸார்’, ‘நோ ஸார்’தான். வேலை கிடைக்கவில்லை.

அப்பா ரிடையராக ஐந்தே மாதம் பாக்கி. திட்டவில்லை. ‘‘டையைத் திருப்பிக் குடுத்துட்டியா?’’ என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

எங்கள் மாடி போர்ஷனில் ஒரு ரிடையர்டு இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார். அவரிடம் போய் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன்.

‘‘தமிழ்ல நாடகம் போடுவோம், வேஷம் கட்டுவோம். ‘நாடகம் கட்டினேன்’னு யாராவது சொல்வாளா? ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஜோடி உண்டுடா. இங்கிலீஷ்லயும் அப்படித்தான். நீ ஜோடி மாத்திக் கல்யாணம் பண்ணி வெச்சுட்டே! இனிமே ஜோடி ஜோடியா மனப்பாடம் பண்ணு’’ என்றார்.

அன்று அவர் போட்டுக் கொடுத்த ஜோடிகள் இவை. உங்களுக்கும் உதவலாம்.

‘டிராமா’ என்பது பொதுவாக அந்தக் கலை. மேடையில் போடுகிற ஒவ்வொரு நாடகமும் ‘ப்ளே’. ஆகவே ‘வீ புட் ஆன் எ ப்ளே’. நம்ம ‘போடு’தான் அவர்களுக்கும் ‘புட்’. ஆனால் பின்னால் ‘ஆன்’ என்ற வால் கட்டாயம்! மிடுக்காகச் சொல்ல, ‘வீ ஸ்டேஜ்டு எ ப்ளே’.

வேஷத்துக்கு ‘டிட்’ வேண்டாம். ‘ஐ ப்ளேய்டு தி ஹீரோயின்.’ முக்கிய வேடம் என்றால் ‘ப்ளே தி லீட்’. ஈட்டியோடு வந்து நின்றுவிட்டுப் போகிறவருக்கு ‘எ வாக்-ஆன் பார்ட்’.

நடிகர் மனப்பாடம் பண்ணும் வசனம் ‘லைன்ஸ்’. ‘ஐ லேர்ன்ட் மை லைன்ஸ்.’ மேடையில் திருதிருவென்று விழித்தால் ‘ஐ ஃபர்காட் மை லைன்ஸ்’. ‘பைஹார்ட்டட்’ நம்மூர்த் தயாரிப்பு!

கூட்டம் நிரம்பினால் ‘வீ ஹேட் எ ஃபுல் ஹவுஸ்’. கைதட்டலில் கூரையே அதிர்ந்தால் ‘வீ ப்ராட் தி ஹவுஸ் டவுன்’. துக்கடா வேஷத்தில் வந்து ஹீரோவையே அமுக்கிவிட்டால் ‘ஹி ஸ்டோல் தி ஷோ’.

எல்லார் பார்வையும் உங்கள் மேல் என்றால் ‘இன் தி லைம்லைட்’. எலுமிச்சம்பழம் இங்கே எங்கே வந்தது என்று கேட்டேன். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். இந்த ‘லைம்’ சுண்ணாம்பு! மின்விளக்கு வருமுன் சுண்ணாம்புக் கட்டியை ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஜ்வாலையில் பழுக்கக் காய்ச்சி, அந்த வெளிச்சத்தை நடிகர் மேல் அடித்தார்கள். 1837-ல் லண்டன் கோவென்ட் கார்டன் தியேட்டரில் இது வந்தது.

ஆபீஸ்வாசிகளுக்கென்றே ஒன்று: ‘ஹி ஸ்டோல் மை தண்டர்’. 1709-ல் ஜான் டென்னிஸ் என்பவர் தன் நாடகத்துக்காக மேடையில் இடிச்சத்தம் எழுப்பப் புது வழி கண்டுபிடித்தார். நாடகம் ஊற்றிக்கொண்டது. கொஞ்ச நாளில் அதே தியேட்டரில் ‘மேக்பெத்’. உள்ளே அவருடைய இடி! ‘என் இடியைத் திருடிட்டாங்களே!’ என்று கத்தினாராம். உங்கள் ஐடியாவை மானேஜர் தன்னுடையதாக மீட்டிங்கில் எடுத்து விடும்போது, மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். மனசுக்குள் மட்டும்!

எட்டு மாதம் கழித்து இன்னொரு இன்டர்வியூ. அதே ஹாபி, அதே கேள்வி.

‘‘வீ புட் ஆன் எ ப்ளே எவ்ரி இயர், ஸார். ஐ ப்ளேய்டு தி ஹீரோயின்.’’

இவர்களும் சிரித்தார்கள். ஆனால் என் இங்கிலீஷுக்கு இல்லை. என் மீசையைப் பார்த்து! நானும் சேர்ந்து சிரித்தேன். கடகடவென்று பேசினேன். வேலை கிடைத்தது.

ஆர்டரைப் பார்த்த அப்பா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் சட்டை மாட்டும் ஆணியில் ஒரு புது டை தொங்கியது. பென்ஷன் பணத்தில் வாங்கியது.