பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும் சொத்து

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் பல வீடுகளில் அந்த டின் அலமாரியிலிருந்து கீழே இறங்கும். மூடி துருப்பிடித்த பழைய பிஸ்கட் டின். பாயை விரித்து அதன் மேல் கவிழ்த்தால் அப்பாவின் வாழ்க்கையே காகிதங்களாக வந்து விழும்: வீட்டு உரிமைப் பத்திரமான கிரான், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமநிதிக் கடிதம், இன்சூரன்ஸ் பத்திரம், மடித்து மடித்துக் கிழிந்த கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம், கோயிலில் எடுத்த கல்யாணப் படம். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். "இப்ப எங்க போகணும்?" என்ற கேள்வி முதலில் அம்மாவிடமிருந்துதான் வரும்.

பண்டார் தெங்காராவில் இந்தக் கேள்வி இனி அடிக்கடி எழும். தென்கிழக்கு ஜொகூரின் காடுகளைத் திருத்திப் புதிய நகரங்களை எழுப்ப 1972இல் கெஜோரா வாரியம் அமைக்கப்பட்டது. அந்த முயற்சியில் உருவான ஊர்களில் பண்டார் தெங்காராவும் ஒன்று. சுற்றிலும் செம்பனை, பெல்டா குடியேற்றங்கள், தோட்டங்கள். லயத்து வீட்டில் பிறந்து, சொந்தமாக ஒரு வீட்டை முதன்முதலாகத் தன் பெயரில் எழுதிக்கொண்ட தலைமுறை இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அவர்களுடைய பெற்றோருக்கு விட்டுச்செல்லச் சொத்து இல்லாததால் சொத்தைக் கைமாற்றும் பழக்கமும் இல்லை. வீட்டுக்கு முதல் கிரான் வந்தது இவர்கள் காலத்தில்தான். முதல் குழப்பமும் இவர்கள் காலத்திலேயே வருகிறது.

டின்னிலுள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் வேறு வேறு சட்டம், வேறு வேறு அலுவலகம். அது தெரியாமல் ஒரே வாசலில் போய் நிற்பதால்தான் குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைகின்றன.

முதலில் கிரானை எடுத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடு தானாக அம்மாவுக்கு வந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்குத் தீபகற்ப மலேசியாவில் பொருந்துவது 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம். இறந்தவருக்கு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால். பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லாமல் மனைவியும் பெற்றோரும் இருந்தால் மனைவிக்குப் பாதி, பெற்றோருக்குப் பாதி. மனைவி இறந்தால் கணவனுக்கும் இதே கணக்குத்தான். 1997ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் மனைவியின் சொத்து முழுவதும் கணவனுக்கே போய்ச் சேர்ந்தது.

எண்களில் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வீட்டின் மதிப்பு 2,40,000 ரிங்கிட், வங்கியில் 24,000 ரிங்கிட், கடன் ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,64,000. மனைவி, மூன்று பிள்ளைகள், எண்பது வயதுத் தாய் இருக்கிறார்கள். மனைவிக்கு 66,000, தாய்க்கு 66,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 44,000. முப்பது வருடம் அந்த வீட்டில் சமைத்துப் பரிமாறிய மனைவிக்கு அதில் கால் பங்குதான். பங்கைப் பிரிப்பதற்குள் அந்தத் தாயும் இறந்துபோனால் அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது அப்பாவின் தம்பி தங்கைகளும் அந்தக் கிரானில் பங்குதாரர்களாகிவிடுவார்கள். இப்படி ஒரு மரணத்தின் மேல் இன்னொரு மரணம் அடுக்கியதால்தான் தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலங்கள் நாட்டில் ஏராளம்.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. "வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, ஒருத்தர் போனா இன்னொருத்தருக்குத்தானே?" என்பார்கள். மலேசிய நிலச் சட்டத்தில் அப்படித் தானாகச் சேர்வது கிடையாது. இறந்தவருடைய பாதி வாரிசுகளுக்குப் பங்கு போடப்படும். பெல்டா நிலத்துக்கோ தனிச் சட்டம். 1960ஆம் ஆண்டின் குழுக் குடியேற்ற நிலச் சட்டப்படி அதைத் துண்டு போட முடியாது. பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோர் பெயரையும் கிரானில் எழுதவும் முடியாது.

இனி எந்த வாசலுக்குப் போவது? உயில் இல்லை, சொத்தில் வீடோ நிலமோ இருக்கிறது, மொத்த மதிப்பு 5 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டவில்லை என்றால் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்கீழ், ஜேகேபிடிஜி என்று மக்கள் சொல்லும் கூட்டரசு நில, கனிமவள இலாகாவின் சிறு சொத்துப் பிரிவில் மனு கொடுக்கலாம். முன்பு 2 மில்லியனாக இருந்த வரம்பு 2024இல் 5 மில்லியனாக உயர்த்தப்பட்டது. வாரிசுகளை அழைத்து விசாரித்து அதிகாரி பங்கீட்டு உத்தரவு தருவார். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிலம் எதுவும் இல்லாமல் வங்கிப் பணம், வாகனம் போன்றவை மட்டும் இருந்து, மதிப்பு 6,00,000 ரிங்கிட்டுக்குள் அடங்கினால் அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனமே அதை நிர்வகித்துப் பிரித்துக்கொடுக்க முடியும். இந்த இரண்டுக்கும் அடங்காதவைக்கு உயர் நீதிமன்றத்தில் நிர்வாக அதிகாரக் கடிதம் பெற வேண்டும். வாரிசுகளில் பதினெட்டு வயதாகாத பிள்ளை இருந்தால் ஒரே ஆளை நிர்வாகியாக ஏற்கமாட்டார்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அல்லது அறங்காவல் நிறுவனம் வேண்டும்.

அப்பா உயில் எழுதியிருந்தால் பாதை வேறு. உயிலில் பெயர் குறிப்பிடப்பட்ட நிறைவேற்றுநர் உயர் நீதிமன்றத்தில் புரோபெட் கேட்பார். 'இந்த உயில் செல்லும், இவர் அதை நிறைவேற்றலாம்' என்று நீதிமன்றம் உறுதிசெய்து தரும் ஆணைதான் புரோபெட். அது கையில் வந்த பிறகுதான் வங்கியும் நில அலுவலகமும் உயிலை ஏற்றுக்கொண்டு செயல்படும்.

உயில் என்றாலே பணக்காரர்கள் சமாச்சாரம் என்றும், எழுதினால் ஆயுசு குறையும் என்றும் ஒரு தயக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் கதையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2016 டிசம்பர் 5ஆம் தேதி அவர் மறைந்தபோது உயில் இல்லை. அண்ணன் பிள்ளைகளான தீபாவும் தீபக்கும்தான் சட்டப்படி வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதத்தில். போயஸ் தோட்டத்து வேதா நிலையம் வீட்டை நினைவிடமாக்க அரசு எடுத்துக்கொண்டது. 2021 நவம்பரில் நீதிமன்றம் அதை ரத்துசெய்த பிறகே சாவி அவர்கள் கைக்கு வந்தது. ஐந்து வருடங்கள். ஒரு மாநிலத்தையே ஆண்டவர் வீட்டுக்கே அந்த நிலை என்றால், சம்பளத்துக்குப் போகும் பிள்ளைகள் ஒவ்வொரு விசாரணைக்கும் லீவு போட்டு அலைவதை யோசித்துப் பாருங்கள்.

உயில் எழுதுவது அப்படியொன்றும் பெரிய காரியமல்ல. 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பி, சுயநினைவோடு இருப்பவர் எழுத்தில் எழுதி அடியில் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து அதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். தமிழிலும் எழுதலாம், நீதிமன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படும். நிறைவேற்றுநர் ஒருவராகவும் இருக்கலாம். நான்கு பேர் வரை இருக்கலாம். சிறு பிள்ளைகள் இருந்தால் யார் பாதுகாவலர் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

ஆனால் சின்னத் தவறும் பெரிய இழப்பாகும். பெரியவர் ஒருவர் வீட்டை மூத்த மகனுக்கு எழுதுகிறார். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரரும், காப்பி கலக்கிக்கொண்டிருந்த மூத்த மருமகளும் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த உயில் செல்லும்; ஆனால் மகனுக்கு எழுதிய வீடு செல்லாது. சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதியதைச் சட்டம் ஏற்பதில்லை. இன்னொன்று, உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்து எழுதியதாக இல்லாத பட்சத்தில், பழைய உயில் ரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்துகொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உயிலில் மனைவியையோ சின்னப் பிள்ளையையோ அடியோடு விட்டுவிட்டால் அவர்களுக்கு வழியே இல்லையா? உண்டு. 1971ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்புச் சட்டப்படி மனைவி அல்லது கணவன், மணமாகாத மகள், சட்டப்படி வயது நிரம்பாத மகன், உடலாலோ மனத்தாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை ஆகியோர் பராமரிப்புக் கேட்டு நீதிமன்றம் போகலாம். புரோபெட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போவதுதான் விதி.

அடுத்த காகிதம் ஊழியர் சேமநிதி, மக்கள் வாயில் இ.பி.எஃப். இது உயிலுக்கும் பங்கீட்டுச் சட்டத்துக்கும் வெளியே நிற்கிறது. முஸ்லிம் அல்லாத உறுப்பினர் யாரை நாமினியாகப் போட்டாரோ அவருக்கே பணம் முழுவதும் சொந்தம். இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குப் போனபோது அம்மா பெயரை எழுதியவர், கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பெற்ற பிறகும் மாற்றவில்லையென்றால் பழைய பெயர்தான் செல்லும். நாமினியே இல்லையென்றால் பெரும் தொகைக்கு மறுபடியும் நிர்வாக அதிகாரக் கடிதம் தேடி அலைய வேண்டும். இன்சூரன்சிலும் கவனம் வேண்டும். மனைவி, கணவன், பிள்ளைகளை நாமினியாகப் போட்டால், 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டப்படி அந்தப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளையாக நிற்கும். கடன்காரர் அதில் கை வைக்க முடியாது. அண்ணன் தம்பியைப் போட்டால் அவர் வாங்கிப் பிரித்துக்கொடுக்கும் ஆள் மட்டுமே.

பிறகு அந்தக் கல்யாணப் படம். டின்னுக்குள் இருப்பதிலேயே மனத்தை அதிகம் கனக்கச் செய்வது அதுதான். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணம் பதிவதிகாரி முன் நடந்து பதிவாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். பதிவு இல்லையென்றால் கணவன் இறந்த பிறகு அந்தப் பெண்ணை மனைவி என்று காட்டுவது பெரும்பாடு. பங்கீட்டுச் சட்டத்தில் பிள்ளை என்றால் சட்டபூர்வமான பிள்ளை. தத்துப்பிள்ளையும் 1952ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். தூக்கி வளர்த்த பாசம் மட்டும் அங்கே போதாது. கணவன் மனைவி இருவரும் உயிரோடு இருக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவில் திருமணத்தைப் பதிந்துகொண்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் அடித்தளம் கிடைத்துவிடும்.

எந்தச் சட்டம் பொருந்தும் என்பதே சில வீடுகளில் கேள்வியாகிவிடும். 1997 எவரெஸ்ட் பயணக் குழுவில் இருந்த ராணுவ வீரர் மூர்த்தி 2005 டிசம்பர் 20ஆம் தேதி இறந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவியிருந்தார் என்று சமய அதிகாரிகள் சொன்னார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்றார் மனைவி. உயர் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது. அந்தக் காலத்தில் இப்படி நிற்கும் குடும்பத்துக்குச் சொத்திலும் தெளிவான வழி இல்லை. இன்று உண்டு. 2018 டிசம்பர் 15 முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, மதம் மாறியவர் திருமணம் முறிவதற்கு முன் இறந்தால், முஸ்லிம் அல்லாத கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் அவர் சொத்தில் பங்கு கேட்டு நீதிமன்றம் போகலாம்.

டின்னின் அடியில் மிஞ்சியது அந்தப் பங்குப் பத்திரம். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்துக்கான அத்தாட்சி. செல்லாக் காகிதம் என்று தூக்கிப்போடக் கூடாது. சங்கத்தில் நாமினி யார் என்று கேட்டு வாரிசுகள் கோரலாம். ஏழு வருடம் அசையாமல் கிடந்த வங்கிக் கணக்குப் பணம்கூடத் தொலைந்துபோவதில்லை. அது மலேசியத் தலைமைக் கணக்காளர் இலாகாவிலுள்ள கோரப்படாத பணப் பதிவதிகாரியிடம் போய்ச் சேரும். வாரிசுகள் அங்கே தேடிக் கேட்கலாம்.

பாட்டாளி வீடுகளில் இன்னொரு முட்டுக்கட்டை பெயர். கிரானில் முனியாண்டி ஒரு எழுத்தில், ஐ.சி.யில் இன்னொரு எழுத்தில், பிறப்புப் பத்திரத்தில் வேறொரு எழுத்தில் இருக்கும். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று சத்தியப் பிரமாணம் செய்து வைக்க, அந்த முனியாண்டியே உயிரோடு இருக்கும்போது அரை நாள் போதும். அவர் போன பிறகு பிள்ளைகளுக்குப் பல மாதம் ஆகலாம்.

செலவுக்கு அஞ்சுபவர்கள் சட்ட உதவி இலாகாவை அணுகலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் புரோபெட், நிர்வாக அதிகாரக் கடிதம் ஆகியவற்றுக்கு அங்கே உதவி உண்டு. "நான் முடிச்சுத் தரேன்" என்று முன்பணம் கேட்டு வரும் இடைத்தரகரிடம் கிரானின் மூலத்தைக் கொடுக்க வேண்டாம். வெற்றுத் தாளில் அம்மாவின் கைநாட்டை வைக்க விடவும் வேண்டாம். பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிய மலாய்க் கடிதத்தில், தமிழில் ஒருவர் முழுதும் படித்துச் சொல்லாதவரை கையெழுத்துக் கூடாது.

இதற்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், அதுவும் அப்பா உட்கார்ந்திருக்கும்போதே. டின்னைத் திறந்து, ஒரு நோட்டுத் தாளில் எழுதச் சொல்லலாம்: எந்த வங்கி, எந்தக் கணக்கு, இ.பி.எஃப். நாமினி யார், வீட்டுக் கடனுக்கு எம்.ஆர்.டி.ஏ. இன்சூரன்ஸ் உண்டா, கிரான் எங்கே, திருமணப் பத்திரம் எங்கே, யாருக்கு எவ்வளவு கடன். தாளின் நகல் ஒன்று மூத்த மகளிடம், இன்னொன்று கடைசி மகனிடம். திங்கட்கிழமை காலையில் இ.பி.எஃப். அலுவலகத்துக்கு அப்பாவை வண்டியில் ஏற்றிப் போகிறவர், பெயர் வேறுபாடுள்ள பத்திரங்களையும் கையோடு எடுத்துப்போனால், திரும்பும் வழியில் சத்தியப் பிரமாண ஆணையர் அலுவலகத்திலும் ஒரு வேலையை முடித்துக்கொண்டு வரலாம்.