கொன்-டிக்கி: தெப்பத்தில் சென்ற ஆறு பேர் எடுத்த படம்

கடற்பயணச் சாகசப் படம் என்றதும் பெரிய பாய்க்கப்பல்களும், தொட்டித் தண்ணீரில் செயற்கையாக எழுப்பிய புயலும், நூற்றுக்கணக்கான தொழில்நுட்பவியலாளர்களுமே நம் நினைவுக்கு வரும். 1951ஆம் ஆண்டு சிறந்த முழுநீள ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்ற ‘கொன்-டிக்கி’யில் இவை எதுவும் இல்லை. கடலில் அதைப் படம்பிடித்தவர்கள் அதில் தோன்றும் பயணிகளேதான். அவர்களில் எவரும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லர்.

பயணத்தின் தலைவர் நோர்வே நாட்டவரான தோர் ஹெயர்டால். இளம் வயதில் பசுபிக் கடலின் மார்க்கேசஸ் தீவுகளில் வாழ்ந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. பொலினீசியத் தீவுகளின் மக்கள் ஆசியாவிலிருந்து மட்டுமன்றித் தென்னமெரிக்காவிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதே அது. பழங்காலத் தென்னமெரிக்கரிடம் அத்தனை தூரம் செல்லக்கூடிய கலம் இருக்கவில்லை என்று அறிஞர்கள் மறுத்தார்கள். அப்படியானால் போய்க் காட்டுவோம் என்று ஹெயர்டால் புறப்பட்டார்.

கையில் பணம் இல்லை. கடன் வாங்கினார், உணவும் கருவிகளும் அமெரிக்க இராணுவத்திடமிருந்து கிடைத்தன. ஈக்குவடோர் காட்டில் வெட்டிய ஒன்பது பால்சா மரங்களைச் சணற்கயிற்றால் பிணைத்துத் தெப்பம் கட்டினார்கள். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. நமது கட்டுமரத்தைப் பெரிதாக்கி, மேலே ஒரு மூங்கில் குடிலும் பாயும் வைத்தது போன்ற அமைப்பு. மரங்கள் உராய்ந்து இரண்டு வாரத்தில் கயிறுகள் அறுந்துவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். ஆனால் பால்சா மென்மையான மரமாகையால் கயிறுகள் அதற்குள் அழுந்திப் பதிந்து, தேயாமல் தப்பின. 1947 ஏப்ரல் 28இல் பெருவின் கய்யாவோ துறைமுகத்திலிருந்து புறப்பட்ட தெப்பம், 101 நாட்களில் ஏறத்தாழ 6,900 கிலோமீற்றர் கடந்து, ஓகஸ்ட் 7இல் ரரோயா என்னும் பவளத்தீவின் பாறைத்திட்டில் மோதி நின்றது. ஆறு பேரும் உயிருடன் கரையேறினார்கள். கூட வந்த கிளியைத்தான் நடுக்கடலில் அலை கொண்டுபோய்விட்டது.

இந்தப் பயணத்தில் ஒரு 16 மில்லிமீற்றர் கமராவும் இருந்தது. அக்காலக் கமராவில் 100 அடிச் சுருள் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். எடுத்தது சரியாக விழுந்ததா என்று பார்க்கும் வசதியும் கிடையாது. உப்புக் காற்று, ஈரம், ஓயாத ஆட்டம் ஆகியவற்றுக்கிடையே எடுத்த அந்தத் துண்டுகளைப் பின்னர் சுவீடனைச் சேர்ந்த ஒல்லே நோர்டெமார் தொகுத்துப் படமாக்கினார்.

படத்தைப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகும். கடல் அமைதியாக இருக்கும்போது எல்லாம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது: சமைக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், வாலைப் பிடித்துச் சுறாவைத் தெப்பத்தின் மேல் இழுக்கிறார்கள். பரபரப்பு உச்சமடையும் இடங்களில் மட்டும் படம் வாயடைத்துப் போகிறது. ஒரு நாள் தெப்பத்தைவிட நீளமானதாகத் தோன்றிய திமிங்கிலச் சுறா ஒன்று அவர்களை நெடுநேரம் சுற்றிச்சுற்றி வந்தது. திரையில் நமக்குக் கிடைப்பதோ நீருக்கடியில் தெளிவற்ற ஒரு தோற்றம், அதுவும் சில கணங்கள். வேறொரு நாள் காற்றில் பறந்த படுக்கைப் பையைப் பிடிக்கப் போன ஹேர்மன் வாட்சிங்கர் கடலில் விழுந்தார். தெப்பத்தைத் திருப்ப முடியாது. எறிந்த மிதவையைக் காற்று திருப்பி அடித்தது. குனூட் ஹவுக்லன்ட் கயிறு கட்டிய மிதவையோடு கடலில் குதித்து அவரை மீட்டார். அந்த நேரத்தில் கமராவைத் தூக்க யாருக்குக் கை ஒழிந்திருக்கும்?

பிரான்சின் புகழ்பெற்ற திரைப்பட விமர்சகர் அந்த்ரே பஸான் இந்தக் குறைபாட்டையே படத்தின் பலமாகக் கண்டார். அந்தச் சுறாவின் மங்கலான காட்சி நம்மை உலுக்குவதற்குக் காரணம், கமரா பிடித்தவரும் அதே ஆபத்தில் இருந்தார் என்பதே என்று அவர் விளக்கினார். எனக்கு இது சரியாகவே படுகிறது.

ஆனால் அந்தப் படம் எதற்குச் சாட்சி என்பதில் நாம் கவனமாக இருக்கவேண்டும். தெப்பத்தில் அவ்வளவு தூரம் போக முடியும் என்பதை அது காட்டுகிறது. பழங்காலத்தில் போனார்கள் என்பதற்கு அது சான்றாகாது. பொலினீசியரின் மொழியும் மரபணுவும் அவர்கள் மேற்கே ஆசியப் பக்கத்திலிருந்து வந்ததையே காட்டுகின்றன. 2020இல் வெளியான மரபணு ஆய்வொன்று 1200ஆம் ஆண்டளவில் கிழக்குப் பொலினீசியருக்கும் தென்னமெரிக்கப் பழங்குடியினருக்கும் தொடர்பு இருந்ததை உறுதிப்படுத்தியது. எனினும் அது ஹெயர்டால் நினைத்த அளவிலான குடியேற்றமன்று. தீவுமக்களோ நட்சத்திரங்களையும் அலைகளையும் பார்த்தே கலம் செலுத்தத் தெரிந்தவர்கள். 1976இல் ‘ஹொக்குலேயா’ என்ற இரட்டைப் படகு கருவிகளின் உதவியின்றி ஹவாயிலிருந்து தாஹிட்டியை அடைந்தது.

2012இல் இதே பயணம் கதைப்படமாக வந்தது. அதுவரை நோர்வேயில் எடுக்கப்பட்ட படங்களில் அதிகம் செலவானது அதுவே. அழகான படம், குடும்பத்தோடு இருந்து பார்க்கலாம். பழைய படத்தில் விடுபட்ட இடங்களையெல்லாம் அது பணத்தைக் கொண்டு நிரப்பியது. இப்போது சுறா தெளிவாகத் தெரிகிறது. கதைக்கு ஒரு கோழையும் தேவைப்பட்டான். அந்தப் பாத்திரம் வாட்சிங்கரின் தலையில் விழுந்தது. படத்தில் அவர் பருத்த உடலோடு, பயந்து நடுங்கி, பதற்றத்தில் சுறாவின் மீது ஈட்டியை எறிகிறார். உண்மையில் அவர் திடகாத்திரமான பொறியியலாளர். ஈட்டியைப் பாய்ச்சியவர் எரிக் ஹெசல்பேர்க். வாட்சிங்கரின் குடும்பத்தார் இதைப் பகிரங்கமாக ஆட்சேபித்தார்கள். வாட்சிங்கர் 1986இலேயே காலமாகியிருந்தார். ஆறு பேரில் கடைசியாக எஞ்சியிருந்த ஹவுக்லன்டும் 2009இல் மறைந்துவிட்டதால், அப்படி நடக்கவில்லை என்று நேரில் கண்டதாகச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.